மெழுகுக்கு அடியில்

ஐம்பத்தொரு மணி நேரத்தில் துப்பாக்கிப் பட்டறைக்காரர் நான்கு பிஸ்கட் சாப்பிட்டிருந்தார். எண்ணிச் சொன்னவர் அவரேதான்.

"எண்ணுறதுக்கு வேற வேலை இல்லையே," என்றார். "ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிலேர்ந்து ஒரு ஆள்கூட இந்தப் பட்டறைக்குள்ள காலெடுத்து வைக்கல."

"நாங்க வெச்சிருக்கோமே," என்றான் ஒட்டடை. "மொத்தம் நாலு கால்."

ஆறடி இரண்டங்குல உயரம், ஐம்பத்தாறு கிலோ எடை. பள்ளியில் ஒட்டடைக்கம்பு என்று பெயர் வைத்தார்கள். காலப்போக்கில் கம்பு உதிர்ந்துவிட்டது. துப்பறியும் தொழிலில் அவன் உதவியாளன். முதலாளி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜை மேலிருந்த துப்பாக்கிக் குழல் ஒன்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவைக் கெமிஸ்ட் என்பார்கள். பதினோரு வருடம் வேதியியல் பாடம் நடத்தியவர். பிள்ளைகள் சொல்லும் பொய்யில் சுவாரசியம் குறைந்துபோய், பெரியவர்கள் சொல்லும் பொய்யைத் தேடி வெளியே வந்தவர்.

"சங்கத் தலைவர் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போடறார்?" என்று கேட்டார் கெமிஸ்ட்.

"ஆறு மணிக்கு. இன்ஸ்பெக்டர் அவர் வீட்டுக்கே வர்றார். புகார்ல கையெழுத்து விழுந்ததும் என் லைசென்ஸ் போயிடும். பட்டறைக்குச் சீல். அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போவாங்க."

மணி இரண்டு. நான்கு மணி நேரம் மிச்சம்.

விஷயம் சின்னது. பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களின் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. முப்பத்திரண்டு உறுப்பினர்கள். அநேகமாக எல்லோருக்கும் உத்தியோகத்தில் ஓய்வு கிடைத்து, வீட்டில் பேச விஷயம் தீர்ந்துபோன பிறகுதான் துப்பாக்கி மேல் அன்பு வந்திருந்தது. அதிலும் இரண்டு கட்சி. சுடுகிற கட்சி தோல் தொப்பி வைத்துக்கொண்டு வெட்டவெளியில் தகர டப்பாக்களைக் கொன்று வந்தது. காக்கிற கட்சி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பெருமூச்சு விட்டது. சுடுகிற கட்சிக்குப் பட்டறைக்காரர் வேண்டியவர். காக்கிற கட்சியின் முதல் ஆள் சங்கத் தலைவர். எட்டு மாதத்துக்கு முன்னால் தலைவர் ஒரு தீர்மானம் போட்டார். பழைய துப்பாக்கி எதையும் இனி யாரும் சுடக்கூடாது. எல்லோரிடமும் இருந்த துப்பாக்கிக் கரிமருந்தைப் பறித்து, பாதுகாப்பு என்று தன் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தலைவரிடம் ஒரு நீளத் துப்பாக்கி இருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் செய்தது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, குண்டை இறக்கிச் சுடுகிற வகை. செய்த நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சுடப்படாதது என்பது அதன் பெருமை. அதற்குச் சாட்சி தலைவரின் வாய். போன வியாழக்கிழமை விசையின் ஸ்பிரிங்கைச் சரிபார்க்க அது பட்டறைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்குத் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் மேடை விளக்குகளுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி திறக்கப்பட்டது. கால் மணி நேரத்தில் குழலின் மேல் ஒரு கோடு தெரிந்தது. கோடு இல்லை, விரிசல். ஒருவர் குழலின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் கறுப்பாக வெளியே வந்தது.

தலைவர் மயங்கி விழுந்தார். விழும்போது ஒரு கை பட்டறைக்காரரைச் சுட்டிக்காட்டியபடி இருந்தது.

"மயக்கத்துலகூட குறி தப்பல," என்றான் ஒட்டடை. "சுடுற கட்சியில சேர்ந்திருக்கலாம்."

பட்டறைக்காரர் சிரிக்கவில்லை.

"நீங்க சுடுற கட்சிதானே?" என்றார் கெமிஸ்ட்.

"எனக்குக் கட்சியெல்லாம் இல்லம்மா. என்கிட்ட பழசு ரெண்டு இருக்கு. ஒண்ணு நல்லா கெட்டியா இருக்கு, அதைச் சுடுவேன். இன்னொண்ணு குழல் தேஞ்சு போச்சு. அதை எண்ணெய் போட்டு உள்ள வெச்சிருக்கேன். சுடத் தகுந்ததைச் சுடணும், தகாததைத் தொடக்கூடாது. இது புரியறதுக்கு முப்பத்திரண்டு பேர் எதுக்கு?"

"சுட்டா அப்புறம் என்ன செய்வீங்க?"

அவர் எழுந்து ஸ்டவ் பக்கம் போனார். பெரிய கெட்டில் ஒன்று, அதன் மூக்கில் ரப்பர் குழாய் ஒன்று.

"வெந்நீர். சுட்ட அன்னிக்கே. கரிமருந்து எரிஞ்சா குழலுக்குள்ள உப்பு நிக்கும். அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். ஒரு நாள் விட்டீங்கன்னா துரு பிடிச்சிடும். எண்ணெய், மெழுகு எதைப் பூசினாலும் உப்பு அடியில அப்படியே உக்காந்திருக்கும். வெந்நீர் ஒண்ணுதான் அதைக் கரைச்சு வெளியே தள்ளும்."

"சரியாத்தான் சொல்றார்," என்றார் கெமிஸ்ட்.

"மார்க் போட்டுட்டாங்க," என்றான் ஒட்டடை. "பாஸ்கிட்ட பாஸ் ஆனவங்க ரொம்பக் கம்மி சார்."

"தலைவர் வெந்நீர் விடுவாரா?"

"அவரா? பழைய இரும்புக்குத் தண்ணி விஷம்னு புத்தகமே எழுதியிருக்கார்." பட்டறைக்காரர் இழுப்பறையிலிருந்து கெட்டி அட்டை போட்ட புத்தகத்தை எடுத்துப் போட்டார். அட்டையில் தலைவர் கையுறையோடு நின்றார். "சங்கத்துல எல்லாரும் வாங்கியே ஆகணும்னாங்க."

கெமிஸ்ட் புரட்டினார். நடுவில் ஒரு அட்டவணை. எந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து என்று. ஓர் எண் பென்சிலால் சுழிக்கப்பட்டிருந்தது.

"இது அவரோட துப்பாக்கிதானே? ஆறு அளவுன்னு போட்டிருக்கு."

"மூணு அளவும்மா. ஆறு போட்டா குழல் தாங்காது. எங்கேயோ பார்த்துத் தப்பா எழுதிட்டார். லெட்டர் போட்டேன். பதில் வந்துச்சு. புத்தகத்துக்குள்ளேயே இருக்கு பாருங்க."

பதில் இரண்டே வரி. 'எமது நூல் சுடுபவர்களுக்காக எழுதப்பட்டதன்று. ஆகவே தாங்கள் குறிப்பிடும் பிழை பிழையாகாது.'

ஒட்டடை அதை இரண்டு தடவை படித்தான். "பாஸ், இந்த மாதிரி நானும் பரீட்சையில எழுதிப் பார்த்தேன். ஒத்துக்கல."

கெமிஸ்ட் எழுந்தார். "சட்டையை மாத்திக்கிட்டு வாங்க. தலைவர் வீட்டுக்குப் போறோம்."

"நானா? என்னைப் பார்த்தா அவர் மறுபடியும் மயங்கி விழுவார்."

"விழட்டும். இந்தத் தடவை பக்கத்துல நான் இருப்பேன்."

தலைவரின் வீடு குடியிருப்பின் கடைசியில் இருந்தது. பின்னால் கைவிடப்பட்ட கல்குவாரி, அதற்கப்பால் முள்புதர். ஒட்டடை அழைப்பு மணியை அழுத்தினான். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினான். உள்ளே ஜன்னல் வழியாகச் சிவப்பு பல்பு ஒன்று எரிந்து அணைவது தெரிந்தது.

கதவைத் திறந்தது தலைவரின் மனைவி. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி, காட்டன் புடவை. வருகிறவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு அவர்கள் செருப்பைப் பார்க்கிற பார்வை. பட்டறைக்காரரைக் கண்டதும் பார்வை வேறு பக்கம் போனது.

"வாங்க. செருப்பை அந்த மிதியடியில விட்டுடுங்க. தரையில சத்தம் வரும், அவருக்கு ஆகாது."

கதவு ஓரங்களில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலிகளின் கால்களுக்குத் துணி உறை. சுவரில் பெரிய கடிகாரம், பெண்டுலத்தைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட விட்டது.

"பாஸ்," என்றான் ஒட்டடை மெல்ல, "இந்த வீட்ல கடிகாரம்கூட சாக்ஸ் போட்டுட்டு நடக்குது."

கூடத்தின் மூன்று சுவர்களிலும் கண்ணாடி அலமாரிகள். உள்ளே துப்பாக்கிகள். ஒன்றின் மேலும் ஒரு தூசு இல்லை, ஒரு விரல் ரேகை இல்லை. நடுவில் சோபாவில் தலைவர். வெள்ளைக் கையுறை. எதிரே மேஜை மேல் அந்த நீளத் துப்பாக்கி, வெல்வெட் துணியில், பிணம் போலக் கிடத்தப்பட்டிருந்தது.

"இந்த ஆளை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் தலைவர்.

"ஆறு மணிக்கு இவரைத்தான் கூட்டிட்டுப் போகப் போறாங்க. இங்கேர்ந்தே போனா வசதியா இருக்கும்னுதான்," என்றார் கெமிஸ்ட்.

தலைவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. உட்காரச் சொன்னார். ஒரு பிரசங்கமும் கொடுத்தார். பழைய துப்பாக்கி என்பது ஒரு கைப்பிரதி மாதிரி. அதைச் சுடுவது கைப்பிரதியில் காய்கறி மடித்துக் கொடுப்பது மாதிரி. சுடுகிறவர்கள் காட்டுமிராண்டிகள். அந்தக் காலத்தில் இந்தத் துப்பாக்கி எப்படி முழங்கியிருக்கும் என்று கற்பனை செய்தால் போதாதா? வானத்தில் இடி உருண்டு போகிற மாதிரி இருந்திருக்கும். அறிவுள்ளவனுக்குக் கற்பனை போதும். அறிவில்லாதவனுக்குத்தான் சத்தம் வேண்டும்.

பேசும்போது அவர் பட்டறைக்காரர் பக்கம் திரும்பவே இல்லை.

தலைவரின் மனைவி காபி கொண்டுவந்தார். இடது கையால் ஒவ்வொரு கோப்பையாக எடுத்து வைத்தார். வலது முழங்கை இடுப்போடு ஒட்டியிருந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகும் உள்ளே போகவில்லை. கதவோரம் நின்றார்.

"பார்க்கலாமா?" என்று கெமிஸ்ட் துப்பாக்கியைக் காட்டினார்.

"கையுறை போட்டுக்கிட்டு."

கெமிஸ்ட் கையுறை மாட்டி, டார்ச்சையும் பெரிதாக்கும் கண்ணாடியையும் எடுத்தார். விரிசல் குழலின் அடிப்பாகத்தில் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. அதையொட்டிக் குழல் லேசாக உப்பியிருந்தது. ஊசி ஒன்றால் விரிசலை நெருடினார். ஊசி நுனியில் மஞ்சளாக எதுவோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு கம்பி நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு, அழுத்தித் தேய்த்து வெளியே எடுத்தார். துணியில் முதலில் மெழுகு, அதற்குக் கீழே கரி, அதற்கும் கீழே செம்பழுப்பாகத் துரு.

"என்ன பாஸ், மூணு அடுக்கு?" என்று ஒட்டடை எட்டிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் அவன் முழங்கை பட்டு, மேஜை ஓரத்திலிருந்த இரும்புப் பெட்டியின் மூடி தரையில் விழுந்தது.

இத்தனை அமைதியான வீட்டில் அது பெரிய சத்தம்தான். பட்டறைக்காரரின் கோப்பை ஆடியது. கெமிஸ்ட் கண் சிமிட்டினார். தலைவர் சோபாவில் இல்லை. சோபாவுக்குப் பின்னால் குந்தியிருந்தார். இரண்டு காதுகளிலும் இரண்டு வெள்ளை விரல்கள்.

அவருடைய மனைவி மட்டும் அசையவில்லை.

"எனக்குக் காது கொஞ்சம் நுணுக்கம்," என்றார் தலைவர், எழுந்து வந்து உட்கார்ந்து.

"மன்னிச்சுக்கோங்க சார்," என்றான் ஒட்டடை. "காட்டுமிராண்டித்தனமா விழுந்துடுச்சு."

கெமிஸ்ட் கையுறையைக் கழற்றினார். "ஒரு சின்ன கேள்வி. கண்காட்சிக்கு முன்னால மெழுகு போட்டது யாரு?"

"நான்தான். சனிக்கிழமை. இருபத்தாறு வருஷமா இந்தத் துப்பாக்கிங்க மேல வேற ஒரு கை பட்டதில்ல. தேன்மெழுகும் டர்பென்டைனும் கலந்து நானே காய்ச்சுவேன், நானே பூசுவேன். பேட்டியிலகூடச் சொல்லியிருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை மேடையிலயும் சொன்னீங்களாம்."

"அதுக்குத்தான் அவ்வளவு கைதட்டல்."

"நல்லது. விரிசலுக்குள்ள மெழுகு இருக்கு."

தலைவருக்குப் புரியவில்லை.

"தானா வழிஞ்சது இல்ல. நகத்தால அழுத்தி நிரப்பி, மேல மட்டமாத் துடைச்சிருக்காங்க. மேடை விளக்குச் சூட்டுல அது இளகினதாலதான் கால் மணி நேரத்துல கோடு தெரிஞ்சுது. அப்படின்னா மெழுகு போட்டவருக்கு விரிசல் இருக்கிறது தெரியும். தெரிஞ்சுதான் மறைச்சிருக்கார். சனிக்கிழமை மெழுகு போட்டது நீங்க. ஞாயித்துக்கிழமை விரிசலைப் பார்த்து மயங்கி விழுந்ததும் நீங்க."

"என்ன சொல்ல வர்றீங்க?"

"அவசரப்படாதீங்க, இன்னும் இருக்கு," என்றார் கெமிஸ்ட். "குழலுக்குள்ள மெழுகு. அதுக்கு அடியில கரி, துரு. சுட்ட ஆள் தண்ணி விடல. நேரா மெழுகைப் பூசிட்டார். இவர் சுட்டிருந்தா வெந்நீர் விட்டிருப்பார். அது இவருக்குப் பல் தேய்க்கிற மாதிரி. தண்ணி விஷம்னு நம்புற ஆள்தான் கரி மேலேயே மெழுகைப் பூசுவார்."

பட்டறைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம், குழல் உப்பியிருக்கு. மருந்து கூடிப்போனாத்தானே அப்படி உப்பும்?"

"ஆமாம்மா," என்றார் பட்டறைக்காரர். "மூணு அளவுக்கு உப்பாது."

"ஆறு போட்டிருக்காங்க. சுடத் தெரிஞ்ச யாரும் இதுக்கு ஆறு போட மாட்டாங்க. ஆறுன்னு சொல்ற புத்தகம் உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"அதோட பிழை பிழையாகாது," என்றான் ஒட்டடை.

"மருந்து உங்க அலமாரியில. மெழுகு உங்க கை. அளவு உங்க புத்தகம். ஆறு மணிக்குப் புகார்ல பேரை மட்டும் மாத்தினாப் போதும், தலைவரே."

தலைவரின் முகம் கையுறையின் நிறத்துக்கு வந்தது. "நானா? நான் சுட்டேனா? நான்?"

"நீங்க சுட்டிருக்க மாட்டீங்கன்னுதான் எனக்கும் தோணுது," என்றார் கெமிஸ்ட். "மூடி விழுந்ததுக்கே சோபாவுக்குப் பின்னால போயிட்டீங்க. அதனால ஒண்ணு செய்யுங்க. கொஞ்சம் மெழுகு போட்டுக் காட்டுங்க."

"எதுக்கு?"

"ஆசையா இருக்கு. பேட்டியில படிச்சதிலேர்ந்து."

அலமாரிக்குக் கீழே மெழுகு டப்பா இருந்தது. தலைவர் அதை எடுத்தார். மூடியை இடது பக்கம் திருகினார், வலது பக்கம் திருகினார். அது திருகு மூடி இல்லை. ஒட்டடை வாங்கி, நகத்தால் நெம்பிக் கொடுத்தான். தலைவர் கையுறை விரலாலேயே ஒரு கட்டியை அள்ளி, வெல்வெட்டில் கிடந்த குழலின் மேல் வைத்தார். கட்டி அங்கேயே உட்கார்ந்தது. அவர் தள்ளினார். அது இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்தது.

பெண்டுலம் இல்லாத கடிகாரம் நாலரை காட்டியது.

"முதல்ல துணியால தேய்ச்சு இரும்பைச் சூடு பண்ணிக்கணும்," என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மிக மெல்லிய குரல். ஓர் அழுக்கைப் பார்த்தால் கை தானாக நீளுமே, அப்படி அது தானாக வந்துவிட்டது.

தலைவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். யாரோ விருந்தாளியைப் பார்ப்பது போல.

"இப்ப ரெண்டு வழி இருக்கு," என்றார் கெமிஸ்ட் தலைவரிடம். "மெழுகு போட்டது நான்தான்னு உறுதியா நில்லுங்க. நின்னா, விரிசல் உங்களுக்குத் தெரியும், துப்பாக்கி உங்களோடது, பொய்ப் புகார் கொடுக்கிற குற்றமும் உங்களோடது. இல்லைன்னா, யார் போட்டாங்கன்னு சொல்லுங்க."

தலைவர் யோசித்தார். ஒரு நிமிடமும் பத்து விநாடியும். ஒட்டடை கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிக்கிறார் என்று நினைக்கும் அளவுக்கு அந்த அறையில் யாரும் நல்லவர்களாக இல்லை. பேட்டியையும் லாக்கப்பையும் அவர் எடை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே எடை இருந்ததுதான் நேரம் ஆனதற்குக் காரணம்.

"அவதான்," என்றார் கடைசியில். "மெழுகெல்லாம் அவதான் போடுவா."

"எத்தனை வருஷமா?"

"ஆரம்பத்திலேர்ந்து."

"புத்தகத்துல மெழுகு பத்தி முப்பது பக்கம் இருக்கே?"

"அவ சொன்னதைத்தான் நான் ஒழுங்கு பண்ணி எழுதினேன். எழுதறதும் ஒரு உழைப்புதானே." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "மத்தபடி சனிக்கிழமை முழுக்க நான் மண்டபத்துல மேடை ஜோடிச்சிட்டிருந்தேன். வீட்ல என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாது. விசாரிக்கணும்னா அவளை விசாரிங்க."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பட்டறைக்காரர் எழுந்துவிட்டார்.

"உனக்கா தெரியாது?" என்றார். "வெள்ளிக்கிழமை காலையில நான் போன் பண்ணிச் சொல்லல?"

"என்ன சொன்னீங்க?" என்றார் கெமிஸ்ட். "இது எனக்கே புதுசா இருக்கே."

"சொன்னா மாட்டிக்குவேன்னு வாயை மூடிட்டிருந்தேன்மா. ஸ்பிரிங்கை மட்டும் பார்க்கத்தான் கொடுத்தாங்க. நான் குழலுக்குள்ளயும் விளக்கு விட்டுப் பார்த்தேன். கை சும்மா இருக்காது. அடியில ஒரு ஒட்டு, பழைய ஒட்டு, மயிரிழை மாதிரி விட்டிருந்துச்சு. உள்ளே பார்த்தேன்னு சொன்னா, அப்போ சுட்டும் பார்த்திருப்பேன்னுதானே சொல்லுவாங்க? ஆனா இவர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். மருந்து போட்டா பிளந்துடும், யாரும் சுடாமப் பார்த்துக்கோங்கன்னு."

"சுடுறவன் வந்து சுடாதேன்னு எனக்கு உபதேசம் பண்றான்," என்றார் தலைவர். "போனை வெச்சுட்டேன். நான் என்ன சுடவா போறேன்? எனக்கெதுக்கு அது?"

தலைவரின் மனைவி கதவோரத்தை விட்டு முன்னால் வந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம், கெமிஸ்டின் எதிரே உட்கார்ந்தார். அந்த வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது அவர் உட்கார்ந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. தலைவர் அதையே ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அண்ணே," என்றார் அவர் பட்டறைக்காரரிடம். "யாரும் சுடக்கூடாதுன்னா சொன்னீங்க? இல்ல, நீங்க சுடாதீங்கன்னு சொன்னீங்களா?"

"யாரும்னுதான்மா சொன்னேன்."

"பிளந்தா என்ன ஆகும்?"

பட்டறைக்காரர் தயங்கினார். "இடது கை போயிருக்கும். இல்லைன்னா முகம். பிளக்காம விரிசலோட நின்னது அதிர்ஷ்டம்மா."

தலைவரின் மனைவி தலையாட்டினார். கணவர் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உக்காந்தீங்க. மேடைக்கு என்ன பூ வைக்கிறதுன்னு ஒரு மணி நேரம் பேசினீங்க. இதைச் சொல்லலையே."

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? உனக்கும் துப்பாக்கிக்கும் என்ன இருக்கு?"

கெமிஸ்ட் குறுக்கே வரவில்லை. இப்படி ஒரு வாக்கியத்தைத் தான் தயாரித்துக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்காது என்று நினைத்தார்.

"மாசத்துக்கு ஒரு நாள்," என்றார் தலைவரின் மனைவி, யாரையும் பார்க்காமல். "ஒவ்வொண்ணா இறக்கி, துடைச்சு, சூடு பண்ணி, மெழுகு போட்டு மறுபடி ஏத்தி வைப்பேன். இருபத்தாறு வருஷம். வர்றவங்ககிட்ட எல்லாம் இவர் சொல்வார், இது முழங்கினா இடி உருண்டு போற மாதிரி இருக்கும்னு. காபியை வெச்சுட்டு நானும் கேட்டுக்கிட்டிருப்பேன்."

இடது கையால் ஒரு காலிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இடி மாதிரி எல்லாம் இல்ல," என்றார். "பெரிய இரும்புக் கதவை நம்ம முகத்துல அறைஞ்சு சாத்தின மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒண்ணுமே கேக்காது."

ஒட்டடை சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான்.

"இவருக்கு லைசென்ஸ் போகப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்," என்றார் கெமிஸ்ட். அவர் குரலில் இரக்கம் இல்லை. "அம்பத்தொரு மணி நேரம் அந்த மனுஷன் பட்டறையில பிஸ்கட்டை எண்ணிட்டு உக்காந்திருந்தார். நீங்க இங்க காபி போட்டுட்டு இருந்தீங்க."

"தெரியும். மெழுகு யார் போட்டதுன்னு யாராவது கேப்பாங்க, இவரும் சொல்லிடுவார், அதோட நானும் மீதியைச் சொல்லிடலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். எவ்வளவு நேரம் ஆனாலும் இவர் சொல்லல. என் வீம்புக்கு இந்த அண்ணனை அடகு வெச்சுட்டேன். தப்புதான்."

"இன்ஸ்பெக்டருக்கு வீம்பு வேண்டாம். இடி வேண்டாம், இரும்புக் கதவு வேண்டாம். ஒரு வரி வேணும். எழுதிக்கோ, ஒட்டடை."

ஒட்டடை நோட்டைத் திறந்தான். தலைவர் எழுந்து நின்றார். "நீ உள்ள போ," என்றார் மனைவியிடம். அவர் போகவில்லை. "இதெல்லாம் வெளியே தெரிஞ்சா சங்கத்துல என் முகத்துல யார் முழிப்பா? யோசிச்சியா?"

பட்டறைக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். தலைவரின் மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார். வலது கையைச் சிரமப்பட்டு உயர்த்தி, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு," என்றார், ஒட்டடை எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு, ஒவ்வொரு வார்த்தையாக. "பின்னால இருக்கிற கல்குவாரியில வெச்சு, இந்தத் துப்பாக்கியைச் சுட்டது நான்."